காலால் பிறந்தவள்

நான் பிறந்தபோது தலை வரவில்லை, கால்தான் முதலில் வந்தது என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். காலால் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்குப் போய்விடும், பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் கொட்டிவாக்கம் குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் ஒன்பது வயதிலேயே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. படிப்பில் இல்லை, முகத்திலும் இல்லை. காலில் இருந்தது.

மீன்பிடி போட்டைக் கரையில் இழுத்து ஏற்றும்போது ஆண்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துவிடுவார்கள். "டாக்டரம்மாவ கூப்புடுமே. டோக்கன் போடாம வந்துட்டேன்" என்று அம்மாவிடம் நக்கலடிப்பார்கள். நான் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு வருவேன். வலது காலால் மூன்று மிதி. மிதிக்கும்போது பேசக் கூடாது. மூன்றாவது மிதியில் சில சமயம் சடக்கென்று ஒரு சத்தம் வரும். படுத்திருந்தவர் எழுந்து இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "அட, சுளுக்கு பூட்ச்சி" என்பார். சத்தம் வராத நாளிலும் சின்னப் பெண்ணின் மனசு நோகக் கூடாதென்று அப்படித்தான் சொல்வார்கள். அது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் சத்தம் வராவிட்டால் நான் சரியாக மிதிக்கவில்லை என்று எனக்குள் ஒரு குறை இருக்கும்.

அத்தை என்று நான் சொல்வது நைனாவின் தங்கச்சியை. பாலவாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஐந்து வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். மூன்று தரம் வயிற்றில் தங்கியது. மூன்று தரமும் கலைந்தது. மூன்றாவது, ஐந்து மாதம் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்குச் சோறு போட மனசு வரவில்லை. கடையில் வாங்கிய பொருள் பழுதென்று திருப்பிக் கொடுப்பதுபோலக் கொண்டுவந்து விட்டார்கள். நான் மாமா என்று கூப்பிட்ட ஆள் வாசலோடு நின்றுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான்.

அத்தை சும்மா உட்கார்ந்து தின்னவில்லை. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஸ்டூல் கிடையாது. சுவரில் சாயக் கூடாது. ஆள் இல்லாத நேரத்திலும் நிற்கத்தான் வேண்டும், ஏனென்றால் படியேறி வருகிறவர்களின் கண்ணில் உட்கார்ந்திருக்கும் பெண் படக் கூடாது. வாங்க வருகிறவர்களுக்கு மட்டும் மெத்தை போட்டிருப்பார்கள். இப்போது சட்டம் வந்துவிட்டது, கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று. போன மாதம் ஒரு கடைக்குப் போனேன். ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதன்மேல் துணிக்கட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அத்தையின் காலில் வலை இருந்தது. கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலிலும், தோலுக்கு அடியில் ஊதாவும் சிவப்புமாகக் கோடுகள். ஒன்றோடொன்று சேர்ந்து கண்ணி கண்ணியாக, நைனாவின் நண்டு வலை மாதிரியே இருக்கும். குளித்துவிட்டு ஈரத்தோடு வரும்போது இன்னும் நன்றாகத் தெரியும். நான் ஒவ்வொரு கண்ணியாக விரலை ஓட்டிக்கொண்டு போவேன், எங்கேயாவது முடிகிறதா என்று பார்க்க. முடியாது. "கூசுதுடி, வுடு" என்று காலை இழுத்துக்கொள்வாள். எனக்கு அது அழகாக இருந்தது. எனக்கு எப்போது வரும் என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது காலு? வல மாரி கீது."

"ஏசி காத்து அண்ணி. கடையில அல்லாருக்கும் இப்புடித்தான்."

"அல்லாருக்குமா? நான் டெய்லி ஐஸு பொட்டிக்குள்ள கைய வுட்டுக்கினு கீறேன், எனுக்கு ஒண்ணியும் வரல? உனுக்கு மட்டும் காத்து பட்டா வந்துருமா?"

அம்மா திருவான்மியூரில் மீன் விற்கிறவள். வாய் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் அவள் அதோடு விட்டிருப்பாள். விடாதது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பெண்கள் வலையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. தாண்டினால் மீன் படாது என்பார்கள். பெரியம்மா அதற்கு மேல் ஒரு படி போனாள். அத்தையின் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "வவுத்துப் புள்ளையோட எப்பவோ வலைய தாண்டிக்கீறா. அதான் புள்ளையும் நிக்கல, கால்லயும் வல வுழுந்துக்கீது" என்றாள்.

இதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. மூன்று தரம் கலைந்தபோதும் அத்தையை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். ஓய்வு எடு, சத்தாகச் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினார்கள். வயிற்றில் கலைவதையும் காலில் தெரிகிற கோட்டையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. சேர்த்து யோசித்த ஒரே ஆள், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அந்தப் பெரியம்மாதான். இரண்டும் ஒன்றுதான் என்பதைச் சரியாகப் பிடித்தாள். காரணத்தில் கோட்டை விட்டாள். அந்தக் காரணத்தைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

எலுமிச்சம்பழம், மஞ்சள், கடல் தண்ணீர் என்று ஏழு வெள்ளிக்கிழமை அத்தையின் காலைக் கழுவினார்கள். வலை போகவில்லை. அதற்குப் பிறகு அத்தை கறுப்பு சாக்ஸ் போட ஆரம்பித்தாள். வீட்டிலும் போட்டிருப்பாள், வேர்வை ஊற்றுகிற வெயிலிலும் போட்டிருப்பாள். வலையைத் தாண்டி அண்ணன் பிழைப்பைக் கெடுத்தவள் என்ற பேர் யாருக்கு வேண்டும்? நைனாவுக்கு மீன் படாத நாளில் வீட்டில் யாரும் அவளை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் காலை மட்டும் பார்ப்பார்கள். அவள் புடவையை இழுத்து விட்டுக்கொள்வாள்.

நான் இப்போது அடையாறில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். சிலருக்குக் காயமே இல்லாமல் உள்ளே உறையும், கருவுக்குப் போகிற ரத்தமும் அப்படி அடைபட்டால் கரு கலையும். சில பேருக்கு அது தோலில் முன்கூட்டியே தெரியும். இப்படிக் கோடு கோடாக, அல்லது காரணமில்லாத நீலமாக, அல்லது குண்டூசி குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகளாக. தோல் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். வலை மாதிரி கோடு எல்லாமே ஆபத்து இல்லை, வெறும் குளிருக்கும் வரும். ஆனால் அந்தக் கோட்டோடு கர்ப்பமும் கலைந்துகொண்டே இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்திருக்க வேண்டும். கையில் ஒரு குத்து, அவ்வளவுதான். தினமும் எத்தனையோ பேருக்கு நான் குத்துகிறேன்.

அந்த வருஷம் ஆடித் தள்ளுபடி ஆரம்பித்து இரண்டாவது வாரம் அத்தையின் இடது கால் வீங்கியது. ஒரு கால் மட்டும். அந்தக் கால் கொலுசு சதைக்குள் புதைந்துபோய், நைனா குறடு வைத்துக் கழற்றினார். ஆடுசதை சிவந்து, தொட்டால் சுட்டது. கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். காட்டினாள் என்று சொல்வது தப்பு. அவர் சாக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை, அவளும் கழற்றவில்லை. ரொம்ப நேரம் நிற்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஒரு மாத்திரையும் தைலமும் கொடுத்தார். கடையில் லீவு கேட்டாள். சூப்பர்வைசர் தென்காசிப் பக்கத்து ஆள், தன்மையாகத்தான் பேசினாராம். "ஆடி முடியட்டும், பெறவு எத்தன நாளு வேணும்னாலும் படுத்துக்க" என்றாராம். அத்தை அதை வீட்டில் வந்து அப்படியே பேசிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் காலை காற்று அதிகம் என்று நைனா கடலுக்குப் போகவில்லை. அத்தை கடையில் யூனிபாரமாகக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நைனா பார்த்துவிட்டு, "டாக்டரு எதுக்கு? ஊட்லயே ஒரு டாக்டர வச்சிக்கினு ஊரெல்லாம் சுத்திக்கினு கீற" என்றார்.

"வேணாண்ணே. சுளுக்கு மாரி இல்ல. உள்ள நெருப்ப வச்சாப்ல கீது."

"மாடிப்படில எங்கனா பெரட்டிக்கினு இருப்ப" என்றாள் அம்மா. "மூணு மிதிதான? படு. பஸ்ஸுக்கு டைமாவுது."

எனக்குக் கோபம் வந்தது. ஊரெல்லாம் என்னிடம் மிதி வாங்கிக்கொண்டு போகிறது, சொந்த அத்தை வேண்டாம் என்கிறாள். "நான் மெதுவா மிதிக்கறேன் அத்தே" என்றேன். பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் படுத்தாள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அண்ணன் சொன்னதற்கோ அண்ணி சொன்னதற்கோ அவள் படுக்கவில்லை.

சாக்ஸை நான்தான் உருட்டிக் கழற்றினேன். வலையின் கண்ணிகள் கெட்டியாகிக் கறுத்திருந்தன. நான் ஆடுசதைமேல் வலது காலை வைத்தேன். அந்தச் சூடு என் உள்ளங்காலில் இன்றைக்கும் இருக்கிறது. முதல் மிதியில் அத்தை தலையணையைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது, மூன்றாவது. சத்தம் வரவில்லை. இடுப்பில்தான் அந்தச் சத்தம் வரும், ஆடுசதையில் வராது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான்காவது மிதித்தேன். ஐந்தாவது. "போதுண்டி" என்றாள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். ஏழு மிதித்தேன். நைனா பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார், அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன்.

அத்தை எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்ஸை மறுபடி மாட்டிக்கொண்டாள். "லேசா கீதுடி டாக்டரம்மா" என்றாள்.

நான் பள்ளிக்கூடத்துக்கும் அவள் பஸ்ஸுக்கும் ஒன்றாகக் கிளம்பினோம். ஈ.சி.ஆர். ரோடு வரைக்கும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றதும், "மூச்சு வாங்குது" என்றாள். ஓடியா வந்தோம், மெதுவாகத்தானே வந்தோம் என்று சொன்னேன். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடைப் புடவையோடு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். புடவை அழுக்கானால் சூப்பர்வைசர் திட்டுவார் என்று எனக்குத் தெரியும். "எந்திரி அத்தே, அழுக்காவுது" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

பூக்காரி ஒருத்தி சோடா உடைத்துக் கொண்டுவந்தாள். "இன்னாம்மா, புள்ளத்தாச்சியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்றாள் அத்தை. அவள் உதடு நீலமாக இருந்தது. நான் கேட்ட அவளுடைய கடைசிப் பேச்சு அதுதான்.

நான் வீட்டுக்கு ஓடி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் பூக்காரி ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, இறக்கிவிடவும் இல்லை. மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, நிஜ டாக்டரம்மா, வந்தவுடன் அத்தையின் சாக்ஸைக் கத்தரித்து எறிந்துவிட்டுக் காலைப் பார்த்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கோடெல்லாம் எவ்ளோ நாளா இருக்கு? குழந்தை எதாவது கலைஞ்சிருக்கா?"

கடிகாரத்தில் அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இத்தனை வருஷம் யாரும் சேர்த்துக் கேட்காத இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். அம்மா மூன்று என்று விரலைக் காட்டினாள். பேச்சு வரவில்லை.

"காலை யாராவது அமுக்கி விட்டீங்களா? உருவுனீங்களா? மிதிச்சீங்களா?"

அம்மாவுக்கு உடனே பேச்சு வந்தது. "இல்லம்மா. யாரும் தொடல."

நான் வாயைத் திறந்தேன். ஏழு மிதித்திருக்கிறேன். ஊரில் யாருக்கும் நான் ஏழு மிதித்ததில்லை. அம்மா டாக்டரைப் பார்த்துக்கொண்டே பின்னால் கையை விட்டு என் கையின் சதையைப் பிடித்து, நகம் இறங்கும்படி திருகினாள். நான் கத்தவில்லை. டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஒரு நிமிஷம் பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் அத்தை செத்துப்போனாள். காலில் உறைந்த ரத்தக் கட்டி போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்றார்கள். எங்கள் லேபில் ஒரு டாக்டரிடம் இதை ஒருமுறை சொன்னேன். மிதித்தது நான் என்பதை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் கதையாகத்தான் சொன்னேன். மிதித்ததால் கிளம்பியிருக்கலாம் என்றார், மிதிக்காமலும் கிளம்பியிருக்கலாம் என்றார். டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதனால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றார். நல்ல மனுஷன். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது.

கடையிலிருந்து சூப்பர்வைசரும் இரண்டு பெண்களும் ரோஜா மாலையோடு வந்தார்கள். அந்தப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். வந்த இடத்திலும் அவர்கள் உட்காரவில்லை, யாரோ பாயை விரித்துக் கொடுத்தும் நின்றுகொண்டே அழுதார்கள். கிளம்பும்போது சூப்பர்வைசர் நைனாவைத் தனியே கூப்பிட்டு, அவசரமில்லை, ஆனால் கடைப் புடவை இரண்டு இருக்கும், துவைத்துக் கொடுத்தால் போதும் என்றார். நைனா ஒன்றைத்தான் கொடுத்தார். இன்னொன்று அவள் மேலேயே இருந்தது, அதை ஆஸ்பத்திரியில் கிழித்துவிட்டார்கள்.

அம்மா திருகிய இடம் என் கையில் நீலமாகக் கன்றியது. பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, பத்து நாளில் மறைந்தது. நல்ல தோல், நல்ல ரத்தம். இருந்த வரைக்கும் அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டி, எங்கள் அம்மா எவ்வளவு கெட்டவள் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம், போட்டுக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழக்கம்போல வாசலிலிருந்தே, "டாக்டரம்மா கீறாங்களா?" என்றார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அவ காலால பொறக்கல. தலையாலதான் பொறந்தா."

"இன்னாமே சொல்ற? எனுக்கு எத்தினி வாட்டி பூட்ச்சி."

"உனுக்கு தானா பூட்ச்சி. நான்தான் பெருமைக்கு ஊர ஏமாத்திக்கினு இருந்தேன். போ."

அதோடு நிற்கவில்லை. அன்று மாலை மீன் விற்றுவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் வீடு வீடாகப் போனாள். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னாள். எம் பொண்ணு கால்ல ஒண்ணியும் இல்ல, மத்த புள்ளைங்க மாரிதான், அவ மிதிச்சா ஒண்ணியும் ஆவாது, நல்லதும் ஆவாது கெட்டதும் ஆவாது. கடைசியாகப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் வந்தாள். அந்தக் கிழவி விடவில்லை. "இன்னாடி ஒளர்ற? பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில கூட நின்னது நானு. காலு வந்துச்சின்னு நர்சம்மா எங்கிட்டதான சொன்னாங்க?"

அம்மா அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "நீ ஒண்ணியும் கேக்கல. தலதான் வந்துது" என்றாள். பெரியம்மா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அப்புறம், "ஆமாமா, தலதான்" என்றாள்.

நான் தரையில் விழுந்து புரண்டேன். அத்தைதான் போய்விட்டாள், எனக்கென்று இருந்த ஒரே பேரையும் அம்மா இப்படிப் பிடுங்கி எறிந்துவிட்டாளே என்று. நான்கு நாள் அவளோடு பேசவில்லை, அவள் பிசைந்து கொடுத்த சோற்றைத் தொடவில்லை. அத்தையை நினைத்துத்தான் அழுகிறது பாவம் என்று சொல்லி, தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வந்து என்னைத் தேற்றிவிட்டுப் போனார்கள்.